பட்டறைத் தரையில் எழுதிய சட்டம்

போடியிலிருந்து மலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு ஓட்டுகிறவன் நான். விடியும் முன்னே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், தூக்குவாளியும் கையுமாக ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள். மலையுச்சியில் இருக்கிற மெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டால் அவர்களுக்கு வேலை தொடங்கும், எனக்கு முடிந்துவிடும். சாயங்காலம் அவர்கள் காய் எடுத்து முடிக்கிற வரைக்கும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள். நான் படிப்பேன். ஆர்வம் என்று சொன்னால் அழகாக இருக்கும். வெளியே மழையும் அட்டைப்பூச்சியும் இருக்கும்போது வண்டிக்குள் வேறு என்ன செய்வது?

படிப்பதைவிட எனக்குப் பிடித்தது கேட்பது. பெண்கள் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள், அது எனக்கு நாள் முழுக்கக் காதிலேயே கிடக்கும். முன்சீட்டில் உட்காருகிற ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாது. ஒருநாள் மெட்டில் பனி கலைந்து, கீழே பள்ளத்தாக்கு முழுக்க விளக்குகள் மினுங்கியபோது, "சாமி ராத்திரியெல்லாம் காச எண்ணிக்கிட்டு இருந்துட்டு அப்படியே போட்டுட்டுத் தூங்கிப்போச்சு போல" என்றாள். அந்த வளைவில் எத்தனை வருசமாகத் திரும்புகிறேன், எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எந்த வண்டியிலும் கிடையாது. மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, இஞ்சினை அணைத்துவிட வேண்டும். டிரைவர் திரும்பிப் பார்த்து "ஏறுவமா?" என்று கேட்க வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் வாயைத் திறந்து "ஏறு" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, இருட்டில் தலை தெரியாது. ஒரு குரல் குறைந்தாலும் வண்டி போடிக்குத் திரும்பிவிடும். மனசில்லாதவளை மட்டும் வழியில் இறக்கிவிட்டு மற்றவர்கள் போவது என்பது கிடையாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் கடைசி சீட்டில் உட்காருகிற பெண். எனக்கு முன்னால் வேறொருவர் ஓட்டிய காலத்தில், ஒரு மழை விடியலில், "இன்னைக்கு எனக்கு என்னமோ மாதிரி இருக்கு, வேணாம்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வண்டி ஒரு வளைவில் வழுக்கிக் கவிழ்ந்தது. கூட வந்த இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. இவளுக்கு இடுப்பில் அடி. எழுந்து நடமாடியதும் அவள் வண்டி நிற்கிற இடத்துக்கு வந்து, "கேட்டுட்டு ஏத்துறதுன்னா வர்றேன். இல்லன்னா வேற வேலை பாத்துக்கிறேன்" என்றாளாம். வேறு வேலை ஏது? கீழே போடியில் ஏலக்காய் ஸ்டோர்களில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு அந்த இடுப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார முடியாது. படிக்கிற பிள்ளைகள் இரண்டு. மலைதான் அவளுக்குச் சோறு. பழைய டிரைவர் சரி என்றார். வண்டி என் கைக்கு வந்தபோது அதோடு அந்த வழக்கமும் வந்தது.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் சில நாள் அவளிடமிருந்து "ஏறு" வராது. பின்னால் இருட்டில் அமைதியாக இருக்கும். நான் சாவியைத் திருகி வண்டியைத் திருப்புவேன். அன்றைக்கு யாருக்கும் கூலி கிடையாது. யாரும் அவளைத் திட்டமாட்டார்கள். ஆனால் போடி வருகிற வரைக்கும் யாரும் பேசவும் மாட்டார்கள்.

அந்த சமயத்தில்தான் மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. முன்பக்கத் தாள்களெல்லாம் கிழிந்து பெயரே போய்விட்டது. நம் நாடு குடியரசு ஆவதற்கு முன்னால், அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த சபையில் நடந்த வாதங்களைப் பற்றியது. சட்டப் புத்தகம் தூக்கத்துக்கு நல்லது என்று நினைத்துத்தான் பிரித்தேன். தூக்கம் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். நாடு இரண்டாகப் பிரிந்து ரத்தம் காயவில்லை. எல்லையில் ஜனங்கள் மூட்டையோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். ராஜாக்கள் ஒவ்வொருவராக வந்து சேர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து, அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்று பொறுமையாக வாதாடுகிறார்கள். மத்திய அரசு பலமாக இல்லாவிட்டால் இந்த நாடு உதிர்ந்துவிடும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் டெல்லியில் குவித்தால் மாகாணம் வெறும் கையாள் ஆகிவிடும் என்கிறார் இன்னொருவர். கிராமத்துக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எழுந்து நிற்கிறார் மற்றொருவர். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் எல்லாரும் மறுபடி வந்து உட்காருகிறார்கள். எனக்கு அதுதான் பிரமிப்பு. சண்டை போட்டவர்கள் மறுநாளும் வந்தார்கள். அப்படி வந்து வந்துதான் நான் பிறந்த நாடு உருவாயிருக்கிறது என்பதை நினைக்க, அந்த ஏலச்செடிகளுக்கு நடுவே வண்டிக்குள் உட்கார்ந்து படித்த எனக்குப் புல்லரித்தது.

சாயங்காலம் இறங்கும்போது படித்ததைச் சொல்லுவேன். களைப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். முன்சீட்டுக்காரி மட்டும் விடமாட்டாள்.

"அண்ணே, அம்புட்டுப் படிச்சவுகளும் சண்டதான் போட்டாகளா?"

"சண்டையில்ல ஆத்தா, விவாதம்."

"எங்க வீட்லயும் தெனம் விவாதந்தான். சட்டி பானைதான் மிஞ்ச மாட்டேங்குது."

பிறகு ஒரு காரியம் நடந்தது. மெட்டுக்குப் பக்கத்தில் வேறொரு ஜீப்பு சரிந்து சிலருக்குக் கை கால் முறிந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. வேலை அந்தப் பக்கத்து மாநிலத்தில், வீடும் ஓட்டும் இந்தப் பக்கத்தில். தோட்டத்தில் கேட்டால் ஜீப்புக்காரனைக் கேள் என்றார்கள், ஜீப்பு முதலாளி தோட்டத்தைக் கேள் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் முன்சீட்டுக்காரி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வண்டி எந்தப் பக்கம் கவுந்துச்சுன்னு பாத்துட்டுத்தான் இனிமே அழணும் போல."

சரிந்த வண்டியில் வந்தவர்களில் ஒருவர் கண்ணாடி போட்ட அம்மா. நெற்றியில் தையல் போட்டிருந்தது. அந்தத் தையலோடேயே அவர் ஒவ்வொரு ஜீப்பாக ஏறி இறங்கினார். தனித்தனியாகக் கேட்டால் ஒருத்தனும் மதிக்கமாட்டான், எல்லா வண்டியும் சேர்ந்து ஒரே சங்கமாக நிற்க வேண்டும் என்றார். மழை முடிவதற்குள் எல்லா வண்டியும் சரி என்றன. சங்கத்துக்குச் சட்டம் எழுத வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். மண்டபம் பிடிக்க வழியில்லை. ஜீப்புகளைப் பழுது பார்க்கிற பட்டறையைத் தெரிந்தவர் திறந்துவிட்டார். இஞ்சின் கழற்றிய ஒரு ஜீப்பு வாயைப் பிளந்து நிற்க, ஆயில் வாசனைக்கு நடுவே சாக்கு விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். படித்தவன் என்று என்னை எழுதச் சொன்னார்கள்.

முதல் கேள்வியிலேயே பட்டறை ரெண்டுபட்டது. எதைச் சங்கம் முடிவு செய்வது, எதை அந்தந்த வண்டி முடிவு செய்வது? கண்ணாடிக்கார அம்மா எல்லாம் சங்கத்துக்கு என்றார். எங்கள் முன்சீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வண்டில யாரு எங்க உக்காரணும்னும் நீங்கதான் சொல்லுவீகளோ மதினி? அப்ப வாந்தி எடுக்குறவளுக்குச் சன்னலோர சீட்டு வேணும்னு உங்கட்ட மனு எழுதிப் போடணுமாக்கும்?"

"நீ ஒரு பக்கம் இழுத்து, அவ ஒரு பக்கம் இழுத்தா அது சங்கமாடி? சந்தை."

சத்தம் ஏறியது. நான் எழுந்து, அந்த சபையில் எப்படித் தீர்த்தார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். நாட்டுக்குப் பொதுவானது ஒன்று, மாநிலங்களுக்கு ஒன்று, இரண்டு பேரும் கைவைக்கலாம் என்பது மூன்றாவது. ராணுவம் மத்திக்கு, போலீஸ் மாநிலத்துக்கு, அப்படி.

"மூணு குவியலா?" என்றார் கண்ணாடிக்கார அம்மா. "ஸ்டோர்ல காய் பிரிக்கிற மாதிரி?"

"அதே மாதிரிதான்."

அவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் மூன்று பெரிய வட்டம் போட்டார். இது சங்கம், இது வண்டி, நடுவில் இருப்பது ரெண்டு பேருக்கும். பிறகு மூலையில் கிடந்த பழைய சாமான்களைப் பெண்கள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு சாமான். ஒரு பெரிய போல்ட்டைத் தூக்கி, "இது கூலி பேசுறது" என்று ஒருத்தி சங்கத்து வட்டத்தில் வைத்தாள். யாரும் மறுக்கவில்லை. அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பேசுவது கியர் சக்கரமாகி அதே வட்டத்துக்குப் போனது. கரி பிடித்த ஒரு ஸ்பார்க் பிளக்கு, யார் எந்த சீட்டு என்பதற்கு; அது வண்டி வட்டத்துக்குப் போனது. டிரைவர் சரியில்லை என்றால் மாற்றுவது யார் என்று வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது நடுவட்டத்துக்குப் போனது. ஒரு நட்டாகத் தரையில் கிடந்த என் பிழைப்பை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று எழுதச் சரியாக வரவில்லை. நான் புத்தகத்தில் மாசக்கணக்கில் படித்ததை, இவர்கள் எண்ணெய்க் கறையில் குந்தி உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி ஒரு சாமானை நகர்த்தினால் இன்னொருத்தி கையைப் பிடித்தாள். "அத எங்க கொண்டு போற? இங்க கொண்டா." நகர்த்தினவளே கொஞ்ச நேரம் கழித்து, "நீ சொல்றதும் சரிதான்" என்று பழைய இடத்தில் வைத்தாள். மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று முதன்முதலாக என் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியாக எங்கள் வண்டி வழக்கத்துக்கு வந்தார்கள். முன்சீட்டுக்காரி தேய்ந்துபோன ஒரு பிரேக் ஷூவைத் தூக்கி, "நிக்கிறதா போறதான்னு முடிவு பண்ற விசயம். இதுக்கு இதுதான் பொருத்தம்" என்று வண்டி வட்டத்துக்குள் வைத்தாள். கண்ணாடிக்கார அம்மா உடனே அதை எடுத்துச் சங்கத்துக்குள் வைத்தார்.

"இத மட்டும் விட முடியாது. நாளைக்குத் தோட்டத்துக்காரவுக கூட எல்லாருக்குமாச் சேந்து ஒப்பந்தம் பேசப் போறோம். தெனம் ஆளு வருமான்னு கேப்பாக. ஒருத்தி பயந்தான்னு ஒரு வண்டி திரும்புனா, எல்லா வண்டிக்கும் கெட்ட பேரு. மழ எப்படின்னு சங்கத்துல இருந்து ஒருத்தர் பாத்து, போன்ல சொல்லட்டும். ஏறுன்னா ஏறணும்."

"போடில உக்காந்துக்கிட்டு மெட்டுல மழ பெய்யுதான்னு எப்படிப் பாப்பீக?" என்று முன்சீட்டுக்காரி அதைத் தூக்கி மறுபடி வண்டிக்குள் வைத்தாள். "எங்க வண்டி, எங்க உசுரு, எங்க முடிவு."

பிரேக் ஷூ அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. நான் கடைசி சீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் சுவரோரமாக ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள், அவளுக்குச் சாக்கில் உட்கார முடியாது. அந்த இரும்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவள் கண்ணும் போனது. சங்கத்து வட்டத்தில் அது தங்கினால் இனி மலைக்கு வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த வட்டத்தின் சுண்ணாம்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

ஒருவழியாகக் கண்ணாடிக்கார அம்மா கையை எடுத்தார். "சரி, உங்க வண்டின்னே வச்சுக்கிருவோம். ஒண்ணு மட்டும் சொல்லு. வண்டிக்குள்ள யாரு முடிவு? ஒத்த ஆளு வேணாம்னாலும் திரும்புவீகளா, இல்ல நெறையாப் பேரு சொல்றதா?"

முன்சீட்டுக்காரி வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் நான் பார்த்தது அன்றுதான். தரையைப் பார்த்துக்கொண்டே, "நெறையாப் பேரு சொல்றதுதான் நாயம்" என்றாள். "இம்புட்டு நாளு பொறுத்துட்டோம். எங்க வீட்லயும் அடுப்பு எரியணும்ல." எங்கள் வண்டிப் பெண்கள் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. திரும்பி வந்த அத்தனை காலைகளிலும் அவர்கள் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

கடைசி சீட்டுக்காரி டயரிலிருந்து எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, குனிந்து, அந்த பிரேக் ஷூவை எடுத்தாள். எந்த வட்டத்தில் வைக்கப்போகிறாள் என்று எல்லாரும் பார்த்தோம். அவள் எதிலும் வைக்கவில்லை. திரும்ப நடந்துபோய் டயரில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள். சேலையில் கிரீஸ் அப்பியது.

"என்னடி பண்ற?" என்றார் கண்ணாடிக்கார அம்மா.

"இது சங்கத்தோடதும் இல்ல மதினி. வண்டியோடதும் இல்ல. அன்னைக்கு நான் வேணாம்னப்ப எங்க வண்டியே சேந்துதான் சிரிச்சுச்சு. நெறையாப் பேருதான் சிரிச்சாக." சத்தம் உயரவில்லை. "கூலி பேசுங்க, சீட்ட மாத்துங்க, நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒடம்பு மலை ஏறணுமா வேணாமான்னு நாந்தான் சொல்லணும். எனக்கு மட்டுமில்ல, ஏறுற ஒவ்வொருத்திக்கும்."

வெளியே மதுரை ரயில் கூவிக்கொண்டு போனது.

என் கையில் பேனா நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தில் தனி மனுசனுடைய உரிமைகளைப் பற்றி ஒரு பெரிய பகுதி இருந்தது. மத்தியா மாநிலமா என்கிற சண்டையின் ருசியில் நான் அதை வேகமாகப் புரட்டிவிட்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு விசயம் என்று நினைத்திருந்தேன். டெல்லிக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டே வந்தவர்கள், யாருக்கும் பங்கில்லாத ஒன்றை ஏன் தனியாக எடுத்து வைத்தார்கள் என்பது, கிரீஸ் அப்பிய அந்த மடியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தூரத்தில் இருக்கிறவனும் அமுக்குவான். பக்கத்தில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறவனும் அமுக்குவான். அதற்குத்தான்.

கண்ணாடிக்கார அம்மா நெற்றித் தையல் ஆறிய இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு எங்க வண்டிலயும் இதக் கேட்டுருந்தா, நான் என்ன சொல்லிருப்பேன்னு நெனைக்கிற?"

"தெரியல மதினி."

"எனக்கும் தெரியல. கேட்டாத்தான தெரியும்?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதுங்கண்ணே. எல்லா வண்டிலயும் கேக்கணும். ஒவ்வொருத்தியும் வாயத் தொறந்து சொல்லணும். ஒரு கொரலு கொறஞ்சாலும் வண்டி திரும்பணும். இத மாத்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்ல, வண்டிக்கும் இல்ல."

"அப்ப திரும்புற அன்னைக்குக் கூலி?" என்றாள் முன்சீட்டுக்காரி. கேட்ட குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது.

"அத சங்கம் பாத்துக்கிரும். எல்லா வண்டியும் பகுந்து குடுப்போம். ஒருத்தி பயத்த நாம அத்தன பேரும் சேந்து தூக்குனா என்ன, நடு ஒடஞ்சா போகும்?"

"பயமெல்லாம் இல்ல மதினி" என்றது டயரிலிருந்து குரல். "நெதானம்."

முன்சீட்டுக்காரிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "ஆமா, நெதானம். அந்த நெதானத்துக்கு அன்னைக்கு மத்தியானக் கஞ்சி உன் வீட்லதான்டி. தொட்டுக்கிற என்ன வப்ப?"

பட்டறையே சிரித்தது. கை தூக்கச் சொன்னேன். எங்கள் வண்டிப் பெண்களில் சிலர் கொஞ்சம் தாமதித்துத்தான் தூக்கினார்கள். ஆனால் எல்லாருமே தூக்கினார்கள். எழுதினதை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். சட்டம் என்றால் கல் மாதிரி ஏதோ ஒன்று மேலே இருந்து விழுவது என்றுதான் அதுவரை எனக்கு நினைப்பு. தூக்கின கைகளில் ஏலக்காய்ச் சாறு கருத்துப்போய் ஒட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

பொழுது சாய்ந்து கலைந்தோம். பட்டறைக்காரர் வந்து, "என் சாமான்லாம் எங்க ஆத்தா?" என்று தலையில் கைவைத்தார். ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள். கடைசி சீட்டுக்காரி மடியில் இருந்ததையும் கொடுத்துவிட்டு, கறையைப் பார்த்து "சீமெண்ணெய் போட்டாப் போகுமா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

"அண்ணே, அந்தச் சபைல இருந்தவுகளுக்கு, தாங்க பேசுறது சரியா வருமான்னு தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது ஆத்தா. தெரியாமத்தான் எழுதிருக்காக."

மேற்கே மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது, மெட்டு தெரியவில்லை. அவளும் அதைத்தான் பார்த்தாள்.

"சரி" என்றாள். "காலைல வெரசா வாங்க. போன வாரம் மாதிரி எங்கள நிக்க வச்சுறாதீக."